முத்திரை கலையாத பை

துணிப்பையைக் கையில் வாங்கியதுமே தங்கம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. வாயைக் கட்டியிருந்த நூல் அவிழவில்லை. அரக்கு முத்திரையில் ஒரு கீறல்கூட இல்லை. புருஷன் இராமலிங்கத்தின் பெயர் எழுதிய அட்டை அப்படியே தொங்கியது. ஆனால் பை கனக்கவில்லை.

வங்கி மேனேஜர் நூலை அறுத்துப் பையை மேசைமேல் கவிழ்த்தார். இரட்டைவடச் சங்கிலி, அட்டிகை, நான்கு வளையல். பார்வைக்கு எல்லாம் அவளுடையவைதான். அட்டிகைப் பதக்கத்தின் மாங்காய் வேலைப்பாடுகூட அதேதான். அவள் சங்கிலியை எடுத்து உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு கீழே வைத்தாள்.

“இது என்னுது இல்லீங்க.”

“இன்னா சொல்ற நீ? சரியா பாரு,” என்றான் இராமலிங்கம்.

“பாத்துட்டேன். என்னுது இல்ல.”

அது 1974ஆம் வருஷத் தை மாதம். முந்தின வருஷம் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் போடுவதற்காக அந்த நகைகளைத் தேரடிப் பக்கம் இருந்த அந்த வங்கியில் அடகு வைத்திருந்தார்கள். மோட்டார் வந்த நேரமோ என்னவோ, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை நன்றாகக் காய்த்தது. கீழ்பென்னாத்தூர் வியாபாரியிடம் மூட்டைகளைப் போட்டுவிட்டு, கடனை வட்டியோடு கட்டி நகையை மீட்க இருவரும் காலை பஸ்ஸிலேயே திருவண்ணாமலைக்கு வந்திருந்தார்கள். பணம் கட்டியாகிவிட்டது. நகையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டு ஊர் திரும்புவதாகத்தான் ஏற்பாடு.

மேனேஜர் ஆள் அனுப்பி, வங்கிக்கு நகை மதிப்புப் போடும் கண்ணாயிரத்தை வரவழைத்தார். அடகு வைத்த அன்று இதே கண்ணாயிரம்தான் கல்லில் உரசிப் பார்த்து, “நல்ல தங்கம்மா, யார் செஞ்சு போட்டது?” என்று கேட்டவர். எங்க அண்ணன் என்று அவள் பெருமையாகச் சொல்லியிருந்தாள். இப்போது அவர் வளையலின் உள்பக்கத்தை அரத்தால் லேசாக ராவினார். மஞ்சளுக்குக் கீழே வேறொரு மஞ்சள் தெரிந்தது.

“பித்தளை சார். மேல முலாம். அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி, மேலாப்புல உரசிப் பாத்தேன். முலாம் கெட்டியா இருந்தா கல்லே ஏமாந்துடும்,” என்றார் கண்ணாயிரம். தங்கம்மாளின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மேனேஜரின் முகம் மாறியது. ஆத்திரக்காரர் இல்லை அவர். குரலைத் தாழ்த்தியே பேசினார்.

“பாருங்க இராமலிங்கம். சீல் உடையல. நீங்க வச்சதுதான் உள்ள இருந்திருக்கு. போலி நகைய வச்சுக் கடன் வாங்கினது பெரிய குத்தம். பணத்தைக் கட்டிட்டீங்க, அதனால நான் இதப் பெருசு பண்ணல. ‘நகையைப் பெற்றுக்கொண்டேன்’னு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போங்க.”

கவுண்டரில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் பார்த்தார்கள். அவர்களில் இவர்களைத் தெரிந்த கீழ்பென்னாத்தூர் ஆட்களும் இருந்தார்கள். இராமலிங்கம் அவசரமாகப் பேனாவை வாங்கினான். அங்கிருந்து வெளியே போனால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

தங்கம்மாள் காகிதத்தின்மேல் தன் கையை வைத்து மறைத்தாள்.

“போடாதீங்க.”

“தங்கம், கைய எடு.”

“போட்டா நாமதான் பித்தளைய வச்சோம்னு ஆயிடும். போடாதீங்க.”

அவன் போடவில்லை. கடனும் கட்டி, நகையும் இல்லாமல், வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் வங்கியும் விட்டிருக்கும். தங்கம்மாள் விடவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை போய் மேனேஜர் அறைக்கு எதிரே நின்றாள். கேட்டவர்களிடமெல்லாம், ‘இவங்ககிட்ட நகை வெக்காதீங்க’ என்றாள். மாசக் கடைசியில் வங்கியிலிருந்து போலீசுக்குப் புகார் போனது. புருஷனையும் பெண்டாட்டியையும் ஸ்டேஷனில் நாள் முழுக்க உட்காரவைத்தார்கள். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் கேட்டார்:

“பேங்க்ல வைக்கிறதுக்கு முன்னாடி நகை எப்பவும் உங்க வீட்லதான் இருந்துச்சா? வேற யார் கைக்கும் போவல?”

தங்கம்மாள் வாயைத் திறப்பதற்குள் இராமலிங்கம் சொன்னான். “போச்சு சார். பேங்க்ல வெக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடி இவ அண்ணன் பொண்டாட்டி இரவல் வாங்கினு போனாங்க. அவங்க தங்கச்சி கல்யாணத்துக்கு. ஒரு வாரம் அங்கதான் இருந்துச்சு.”

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அதை எழுதிக்கொண்டு இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பஸ்ஸில் வரும்போது இராமலிங்கம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். ஊர் எல்லை வந்ததும், “யாரோ நம்ம கழுத்த அறுத்துட்டாங்க, தங்கம்,” என்றான். யாரோ என்று அவன் சொன்ன விதத்தில் யார் என்பது தெளிவாகவே இருந்தது.

அவளுடைய அண்ணன் காசி கிணறு வெட்டுகிறவன். அப்பா செத்தபோது அவனுக்கு வயது பதினாறு, அவளுக்கு ஒன்பது. பாறைக்கு வேட்டு வைத்து, கூடை கூடையாகக் கல்லை மேலே ஏற்றி, அந்தக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொன் வாங்கிச் சேர்த்து அவளைக் கட்டிக்கொடுத்தவன். வேட்டவலம் சாலையில் அவன் ஊர். ஒரு ஏக்கர் மானாவாரி நிலம், மனைவி திரௌபதி, பொன்னி என்று ஒரு மகள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இராமலிங்கம் அவளை அங்கே அழைத்துக்கொண்டு போனான். போகிற வழியெல்லாம், “நான் ஒண்ணியும் கேக்க மாட்டேன். நீயே கேளு. உன் அண்ணன், நீயே கேளு,” என்று சொல்லிக்கொண்டே வந்தான். அண்ணன் செய்திருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் திரௌபதி வீட்டில் அந்தக் கல்யாணத்தின்போது எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள்? அந்தத் தங்கச்சி மாப்பிள்ளை எப்படிப்பட்டவன்? இப்படி ஒரு நினைப்பு வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. ஒரு நாள் நம்பினாள், மறுநாள் நம்பவில்லை.

காசி வாசலில் உட்கார்ந்து கடப்பாரைக்கு முனை தட்டிக்கொண்டிருந்தான். தங்கச்சியைக் கண்டதும் எழுந்து சிரித்தான். வங்கியில் நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தான். “அவனுங்கள விடக்கூடாது. வக்கீல் வெச்சாவது கேக்கணும்,” என்றான். திரௌபதி சோறு ஆக்கப் போனாள். இராமலிங்கம் தெருப்பக்கம் போய் நின்றுகொண்டான்.

“அண்ணா,” என்றாள் தங்கம்மாள். “அண்ணிகிட்ட அந்த நகை இருந்துச்சே, அந்த ஒரு வாரம்... அப்ப வீட்டுக்கு யாருனா வந்து போனாங்களா?”

காசியின் சுத்தியல் நின்றது.

“இன்னா கேக்குற?”

“சும்மாதான் கேட்டேன்.”

“சும்மாவா?”

காசி தெருவில் நின்ற மச்சானைப் பார்த்தான். தங்கச்சியைப் பார்த்தான். கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு, “சாப்ட்டுட்டுப் போங்க,” என்று சொல்லி ஏரிப்பக்கம் போனவன், அவர்கள் சாப்பிட்டுக் கிளம்புகிறவரை திரும்பி வரவில்லை.

மாசி பிறந்து ஒரு நாள் காலையில் காசி அவர்கள் வீட்டுக்கு வந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இராமலிங்கத்தின் முன்னால் விரித்தான். உள்ளே இரட்டைவடச் சங்கிலி, அட்டிகை, நான்கு வளையல். எல்லாம் புதுசு. நிலத்தை விற்றிருந்தான்.

“நிறுத்துப் பாத்துக்குங்க, மச்சான். எடை கம்மி இருக்காது.”

“ஏன் மச்சான் இதெல்லாம்? நாங்க இன்னா கேட்டோமா உங்கள?” என்றான் இராமலிங்கம். ஆனால் துண்டைத் திருப்பி நீட்டவில்லை.

தங்கம்மாள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். “அண்ணா, எடுத்துக்கினு போ. எனக்கு வேணாம். நான் உன்ன...”

“உனக்குச் செஞ்சு போட்டது தொலைஞ்சி போச்சு. மறுபடி செஞ்சு போட்டேன். அவ்ளோதான்,” என்றான் காசி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அந்த வருஷ மழைக்கு முன்பே அஸ்திவாரம் தோண்டும் வேலைக்கு பெங்களூருக்குப் போய்விட்டான் என்று பிறகு செய்தி வந்தது.

காசி நகை கொண்டுவந்தது ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது. நல்ல மனசு என்று யாரும் சொல்லவில்லை. மனசு உறுத்தாமல் எவனாவது நிலத்தை விற்றுக் கொடுப்பானா என்றார்கள். இராமலிங்கமும் அப்படித்தான் நினைத்தான். நகைதான் வந்துவிட்டதே, இனிமேல் வங்கியோடு என்ன வழக்கு என்றான். தங்கம்மாள்தான் பிடிவாதமாக நின்றாள். வங்கி நகையை மாற்றியது என்று கோர்ட்டில் ஆகிவிட்டால் அண்ணன் பேரில் ஒட்டிய அழுக்கு போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் புது நகையில் ஒன்றைக்கூட அவள் உடம்பில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாக விற்றுத்தான் வக்கீல் ராமதாஸுக்குக் கொடுத்தாள்.

ராமதாஸ் அதிகம் பேசாத மனிதர். முதல் நாளே அவளிடம் சொன்னார்: “அம்மா, அடுத்தவங்க பொருள அடகு வாங்கி வச்சிருக்கிறவன், புத்தியுள்ள ஒரு மனுஷன் தன் சொந்தப் பொருள எப்படிப் பாத்துக்குவானோ அப்படிப் பாத்துக்கணும். சட்டமே அதான். நாம கேக்கப்போறது ரெண்டே கேள்வி. அன்னிக்கு வச்சது தங்கம்னு உங்க ஆளே எழுதிக் கொடுத்தான். அது பித்தளைன்னா, வேலை தெரியாத ஆளை நீங்க வச்சிருக்கீங்க. தங்கம்னா, உங்க கையில இருக்கும்போது அது மாறியிருக்கு. எப்படிப் பாத்தாலும் பதில் சொல்ல வேண்டியது அவங்கதான்.”

வழக்கு வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது வருஷக் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் கண்ணாயிரம் ஊரைவிட்டே காணாமல் போனார். அடுத்த மாசம் இன்னொரு குடும்பம் மீட்ட நகையும் பித்தளையாக இருந்தது. பிறகு இன்னும் இரண்டு பேருடையது. மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து பெட்டகத்தில் இருந்த பைகளையெல்லாம் பிரித்துப் பார்த்தார்கள் என்று ராமதாஸ் சொன்னார். கண்ணாயிரம் எங்கே போனார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

அந்தச் செய்தி வந்த அன்று இராமலிங்கம் சாப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து, “மச்சான் கால்ல விழணும்,” என்றான்.

“நாளைக்கே பெங்களூருக்குப் போவலாம்.”

“இரு. தீர்ப்பு வரட்டும். வெறுங்கையோட போய் இன்னான்னு சொல்றது? தீர்ப்பக் கையில வெச்சுக்கினு போனா பேச வாய் இருக்கும்.”

அவள் சரி என்றாள். போகச் சொல்லி அவள் வற்புறுத்தியிருக்கலாம். ஆனால் அண்ணன் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது தள்ளிப்போனதில் அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது.

ஆனால் வங்கி இறங்கி வரவில்லை. மற்ற மூன்று பேருக்குக் கண்ணாயிரம் துரோகம் செய்திருக்கலாம், இந்த அம்மாள் வைத்தது முதலிலேயே போலி என்றது. 1978இல் சாட்சி விசாரணை வந்தது. வங்கித் தரப்பு காசிக்கும் சம்மன் அனுப்பியிருந்தது. தங்கம்மாள் கூண்டில் ஏறி நின்றபோதுதான் அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். இளைத்துப்போயிருந்தான். நெற்றியில் ஒரு புதுத் தழும்பு இருந்தது.

வங்கியின் வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

“அம்மா, உங்க அண்ணன் உங்களுக்குப் புது நகை வாங்கிக் கொடுத்தாரா?”

“கொடுத்தாருங்க.”

“நகையைத் தொலைச்சது பேங்க்னா, அவர் எதுக்குக் கொடுத்தார்?”

“நான் போய்க் கேட்டதுனால.”

“என்ன கேட்டீங்க?”

“நகை அங்க இருந்தப்ப யாருனா வந்தாங்களான்னு கேட்டேன்.”

“அப்ப, அவர் வீட்ல வச்சு நகை மாறியிருக்கும்னு உங்களுக்கே சந்தேகம் இருந்தது?”

அவள் ராமதாஸைப் பார்த்தாள். அவர் மேசைமேல் இருந்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கடைசி பெஞ்சைப் பார்க்கவில்லை. பார்க்க அவளால் முடியவில்லை.

“சொல்லுங்கம்மா. சத்தியம் செஞ்சிருக்கீங்க. சந்தேகப்பட்டீங்களா இல்லையா?”

“பட்டேன்,” என்றாள்.

“கூடப் பொறந்த நீங்களே சந்தேகப்பட்டிருக்கீங்க. பேங்க் சந்தேகப்பட்டா மட்டும் தப்பா?”

நீதிபதி அந்தக் கேள்வி வேண்டாம் என்றார். ஆனால் அது கேட்கப்பட்டுவிட்டது.

அடுத்துக் காசி கூண்டில் ஏறினான். ஏன் நகை கொடுத்தாய் என்ற கேள்விக்கு, “தங்கச்சி குடும்பத்துல சண்டை வேணாம்னு கொடுத்தேன்,” என்றான். நகையை மாற்றினாயா என்றதற்கு, “இல்லீங்க,” என்றான். மதியத்துக்குமேல் பழைய மேனேஜரை ராமதாஸ் விசாரித்தார். பெட்டகத்துக்கு இரண்டு சாவி உண்டு, ஒன்று மேனேஜரிடமும் ஒன்று கேஷியரிடமும் இருக்க வேண்டும். கூட்ட நாளில் இரண்டு சாவியையும் கண்ணாயிரத்திடமே கொடுத்து நகைப் பைகளை எடுத்துவரச் சொல்வது வழக்கம்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார். முத்திரைக் கட்டை பூட்டாத மேசையறையில் கிடந்தது என்பதையும் ஒப்புக்கொண்டார். “நம்பிக்கையான ஆளுன்னு நினைச்சேன் சார்,” என்று சொல்லிக் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தங்கம்மாள் வெளியே ஓடி வந்து அண்ணனைத் தேடினாள். வேர்க்கடலை விற்கிறவனிடம் கேட்டதற்கு, அந்த ஆள் சாட்சி சொல்லிவிட்டு அப்போதே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான் என்றான்.

அடுத்த வருஷம் வைகாசியில், பெங்களூரில் ஒரு பெரிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது மண் சரிந்து காசி செத்துப்போனான். உடம்பை லாரியில் கொண்டுவந்தார்கள். தங்கம்மாள் விழுந்து புரண்டு அழுதாள். திரௌபதி அவளைக் கட்டிக்கொண்டு அழவில்லை, விலக்கவும் இல்லை.

தீர்ப்பு வந்தது 1980இல். ராமதாஸ் அதைத் தமிழில் விளக்கிச் சொன்னார். வங்கி எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்கவில்லை. தன் ஆள் செய்த காரியத்துக்கு வங்கியே பொறுப்பு. நகையை மீட்க வந்த தேதியில் தங்கத்துக்கு என்ன விலையோ அதை வட்டியோடு கொடுக்க வேண்டும். “நல்ல தீர்ப்பும்மா,” என்றார் அவர். வங்கி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. பணம் வந்தது. அதற்குள் தங்கம் விலை எங்கேயோ ஏறியிருந்தது. தொலைந்ததில் பாதிகூட அந்தப் பணத்துக்கு வாங்க முடியாது.

இராமலிங்கம் தீர்ப்பின் நகலை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தான். “நீ மட்டும் போய்ட்டு வா,” என்றான். “எனக்கு அந்த வாசல்ல ஏற முகம் இல்ல.”

அவள் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

திரௌபதி யாருடைய மூட்டையையோ வாங்கிவந்து கூலிக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பொன்னி பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். அத்தையைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“கோர்ட்டுல சொல்லிட்டாங்க, அண்ணி,” என்றாள் தங்கம்மாள். “அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லன்னு.”

திரௌபதி ஒரு காயை நசுக்கி, பருப்பைக் கூடையில் போட்டாள். “கோர்ட்டு சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா, தங்கம்?”

கத்தவில்லை. தணிந்த குரலில்தான் கேட்டாள். தங்கம்மாள் மடியிலிருந்து பணத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

“இது அண்ணன் பணம், அண்ணி. நிலத்த வித்த பணம்.”

திரௌபதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டெறிவாள் என்று தங்கம்மாள் நினைத்தாள். எறிந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

“வேணாம்னு சொல்ற நிலைமையில நான் இல்ல,” என்றாள் திரௌபதி. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். “எதுலனா கைநாட்டு வெக்கணுமா?”

“அய்யோ, இன்னா அண்ணி இது!”

“கேட்டேன். அப்பால யாரும் எதுவும் சொல்லக்கூடாது பாரு.”

தங்கம்மாள் கூடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவளும் மல்லாட்டை உரிக்கத் தொடங்கினாள். திரௌபதி வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் வருகிறவரை இருவரும் உரித்தார்கள். கிளம்பும்போது திரௌபதி நிமிர்ந்து பார்த்து, “பாத்துப் போ,” என்றாள்.

அதற்கு மூன்று வருஷம் கழித்துப் பொன்னிக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகை தபாலில் வந்தது. இராமலிங்கம் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டான். தங்கம்மாள் தனியாகப் போனாள். பெண்ணுக்கு அத்தை செய்ய வேண்டிய சடங்குகளையெல்லாம் திரௌபதியின் தங்கச்சி செய்துகொண்டிருந்தாள். என்றைக்கோ தன் கல்யாணத்துக்கு இரவல் நகை வாங்கிப் போட்டுக்கொண்ட அதே தங்கச்சிதான். யாரும் தங்கம்மாளைக் கூப்பிடவில்லை. விரட்டவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, “நீ மாப்ள வீட்டுப் பக்கமா, பொண்ணு வீட்டுப் பக்கமா?” என்று கேட்டாள்.

“பொண்ணு வீடு,” என்றாள் தங்கம்மாள். தாலி கட்டி முடிந்ததும் அட்சதையை இருந்த இடத்திலிருந்தே போட்டுவிட்டு, முதல் பந்தியில் இடம் இல்லாததால் இரண்டாவது பந்திக்காகக் காத்திருந்தாள்.